கரண்ட் போன காட்சி

அப்பாவுக்குக் காது போனது விசைத்தறியால். எடப்பாடியில் எங்கள் வீட்டையும் தறிக்கூடத்தையும் ஒரு சுவர்தான் பிரிக்கிறது. ஆயுள் முழுக்க அவர் அந்தச் சத்தத்துக்குள்தான் நின்றார். சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு டிவி முன்னால் உட்காருவார். சீரியல் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவார்.

“எல்லாரும் வாயையே ஆட்டிக்கிட்டு இருக்கறாங்க சாமி. ஒண்ணும் நடக்க மாட்டேங்குது” என்பார் என்னிடம்.

காதுமெஷின் வாங்கிக் கொடுத்தோம். அது அவர் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. யாரும் விளக்கிச் சொல்லாமல், அப்பா உட்கார்ந்து முழுசாகப் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு காட்சியாவது எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அதற்காகத்தான் சூரமங்கலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் திரைக்கதை வகுப்பில் சேர்ந்தேன். நாற்பதைத் தாண்டியவள், ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், சினிமா எழுதப் போகிறாளாம் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பஸ் ஏறினேன்.

சொல்லிக்கொடுத்தவர் என்னைவிட வயதில் சிறியவர். சில படங்களில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது, இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் காகிதத்தில் எழுதக்கூடாது என்றார் முதல் நாளே. ‘அவள் மனம் நொந்தாள்’ என்று எழுதினால் கேமராவை எங்கே வைப்பது என்று கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தியேட்டரில் முந்தானையை நனைத்துக்கொண்டு நான் அழுத அழுகையெல்லாம், இங்கே பார், இதைக் கேள் என்று யாரோ உட்கார்ந்து எழுதியதா! எவ்வளவு பெரிய வேலை இது என்று வாயைப் பிளந்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

என் முதல் காட்சியைத் தறிக்கூடத்தில் வைத்தேன். அவர் சொன்னபடியே மேலே ‘உள்ளே, தறிக்கூடம், பகல்’ என்று தலைப்பு வரி போட்டேன். கணவனும் மனைவியும் பேசிக்கொள்கிற காட்சி அது. அடுத்த வகுப்பில் ஆசிரியர் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

“ஏனுங்க, சாப்புட வாரீங்களா?”

“என்ன?”

“சாப்புட வாரீங்களான்னு கேட்டேன்!”

“ஆங்?”

வகுப்பே சிரித்தது. “ஏங்க, இந்த வீட்ல யாருக்குமே காது கேக்காதா?” என்றார் ஆசிரியர்.

எனக்குச் சுருக்கென்றது. “தறி ஓடறப்ப எங்க ஊட்ல இப்படித்தானுங்க பேசுவோம்” என்றேன் வெடுக்கென்று.

“தறி ஓடுதா? எங்க ஓடுது? நீங்க எழுதவே இல்லையே.”

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். தறிச்சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிறந்த நாளிலிருந்து கூடவே இருந்த சத்தம், அப்பாவின் காதையே தின்ற சத்தம், எனக்குக் கேட்காமலே போயிருந்தது. அப்பாவுக்குத்தான் காது கேட்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இதே இடத்துல இன்னொரு காட்சி எழுதிட்டு வாங்க. பேச்சு ஒண்ணுகூட வேண்டாம்” என்றார் அவர்.

கடைக்கு லீவு விட்ட நாளில் தறிக்கூட வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். காதுமெஷினை மாட்டமாட்டேன் என்று அடம்பிடிப்பதால் அம்மா அப்பாவோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். ஆளுக்கொரு தறியில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் தறியில் இழை அறுந்தது. அவர் ஒற்றை விரலை மடக்கிக் காட்டினார். எங்கள் வீட்டில் இழை அறுந்தால் அப்படித்தான் சொல்லுவோம். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே வந்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போனாள். சற்று நேரம் கழித்து அப்பா, பஞ்சு விழுந்திருந்த அவளுடைய டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி அவள் பக்கத்து ஜன்னலில் வைத்தார். தறியின் அதிர்வில் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது.

திடீரென்று கரண்ட் போனது. தண்ணீர் அசையாமல் நின்றது. பேசுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது, ஆனால் இரண்டு பேரும் பேசவில்லை. அம்மா டம்ளரை எடுத்துக் குடித்தாள். சண்டை அதோடு முடிந்தது. நான் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். ஆசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். “இதைப் படமா எடுத்துரலாங்க” என்றார். பக்கத்துத் தெருத் தறிக்கூடத்தில், வகுப்புத் தோழர்கள் இருவரை நடிக்கவைத்து எடுத்தோம்.

படம் தயாரான ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதை டிவியில் போட்டேன். என்ன படம், யார் எழுதியது என்று எதுவும் சொல்லவில்லை. அம்மா வந்து ஓரமாக உட்கார்ந்தாள். இழை அறுந்து, அந்த விரல் மடங்கியபோது அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எழுந்து போகவில்லை. திரை முழுக்க டம்ளர் வந்தது. தண்ணீர் நடுங்கியது, நடுங்கியது, நின்றது.

அப்பா சட்டென்று அண்ணாந்து பார்த்தார்.

“ஏம்புள்ள, கரண்டு போயிருச்சா?” என்று அம்மாவிடம் சத்தமாகக் கேட்டார்.

எங்கள் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.