ஐஸ் பெட்டிப் பரீட்சை

தூத்துக்குடியில் இறால் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். லீவுக்குச் சொந்த ஊரான கொல்லிமலைக்கு வந்திருந்தபோது கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. என் பழைய தகுதிச் சான்றிதழ் இனிச் செல்லாது, புதிய பாடத்திட்டப்படி வீடியோவில் செய்முறைத் தேர்வு கொடுக்க வேண்டும். ஐஸ் பெட்டியிலிருக்கும் மீனின் குளிர்ச்சியை அளந்து காட்ட வேண்டுமாம். எங்கள் ஊரில் மிளகு உண்டு, மரவள்ளி உண்டு. மீனுக்கு, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மொபெட்டில் ஏறி வரும் வியாபாரியைத்தான் நம்ப வேண்டும்.

தேர்வன்று அவரை ரோட்டிலேயே நிறுத்தி, பெட்டியைத் திறந்து, மீனுக்குள் தெர்மாமீட்டரைச் செருகினேன். அவர் பதறிப் போனார்.

"ஏனுங்க, மீனுக்குக் காய்ச்சலுங்களா?"

"இல்லீங்க, எனக்குப் பரீட்சைங்க."

போனில் தேர்வு நடத்திய அம்மா, "வழியில் ஐஸ் உருகினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். நான் புது விதியை யோசிப்பதற்குள் வியாபாரி போனுக்கு நேராகக் குனிந்தார்.

"தண்ணிய வடிச்சுட்டு, சாக்குல இருக்கற ஐஸை மேல போட்டுருவேனுங்க."

"சரியான பதில்" என்று அந்த அம்மா மதிப்பெண் போட்டார். யாருக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சான்றிதழ் என் பெயருக்குத்தான் வந்தது. அந்த வாரம் வியாபாரியிடம் ஜிலேபி மீன் இரண்டு கிலோ வாங்கினேன், பேரம் பேசாமல்.