ராசிக்கு ஒரு பேனா

பேனா கடைகிறவனுக்கு எதிரி இரண்டு: ஒன்று மரத்தூசி, இன்னொன்று வாங்குகிறவர். தூசிக்காவது முகமூடி இருக்கிறது.

என் பட்டறை பாபநாசத்தில். கருங்காலி மரத்தைக் கடைந்து மைப்பேனா செய்கிறேன். இரும்பாட்டம் மரம், உளியைத் தீட்டித் தீட்டியே கை ஓய்ந்துவிடும். நிப்பு தாளில் வழுக்கிக்கொண்டு ஓடும்வரை விடமாட்டேன். கையால் எதையாவது செய்து விற்கிற சக பாவிகளே, இவ்வளவும் யாராவது எழுதுவார்கள் என்ற நப்பாசையில்தான். டிவியில் எவனோ கருங்காலி ராசி என்று சொல்லித் தொலைத்தான். அதிலிருந்து வியாபாரம் ஓஹோ. எழுதத்தான் ஆளில்லை.

சொம்புத் தண்ணீர்

குத்தாலத்து நெல் வியாபாரி ஒருவர் வாங்கிப்போன வாரமே திரும்பி வந்தார். ஒரு கையில் பேனா, மறு கையில் பாட்டில் நிறைய நீலத் தண்ணீர். அசல் கருங்காலியை ஊறவைத்தால் தண்ணீர் சிவக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனுஷன், நான் மை நிரப்பிக் கொடுத்த பேனாவை அப்படியே சொம்பில் போட்டு மூடிவிட்டார்! "அது பேனாவுக்குள்ள இருந்த மைங்க" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"மை, கிய்யின்னு மழுப்பாதீங்க. செவப்பு வரலல்ல? அப்ப டூப்ளிகேட்தானே?"

டீச்சர்

பக்கத்துத் தெரு டீச்சர் வாங்கியபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம். டீச்சராச்சே, எழுதாமலா இருப்பார்? ஆடி முடிந்து, நிப்பைச் சரிபண்ணித் தரச் சொல்லி வந்தார். நிப்பு முழுக்கச் சந்தனம், அதன்மேல் குங்குமம். எல்லாம் கழுவி, மை ஊற்றி, எழுதிப் பாருங்கள் என்று தாளை நீட்டினேன். பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். எழுதாத பேனாவுக்கு நிப்பை எதற்குச் சரிபண்ணச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நிப்பு பளபளன்னு இருந்தாத்தான் லட்சுமி தங்குவாளாம் சார்."

டாக்டர்

இருமல் நிற்காமல் கும்பகோணம் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அந்த மரத்தூசிதான் நெஞ்சில் இறங்கியிருக்கிறது, இனிமேல் கடையவே கூடாது என்றார். மருந்துச் சீட்டோடு எழுந்தேன். கதவுவரை வந்தவர் என் தோளைத் தொட்டார்.

"நிறுத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு செஞ்சு குடுத்துடுங்க. ராசின்னு சொல்றாங்க."

கடைசிப் பேனா

டாக்டருக்குச் செய்யவில்லை, போய்யா என்று விட்டேன். கடைசித் துண்டு மரத்தை என் மனைவி மல்லிகாவுக்காகக் கடைந்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, இருமி இருமித்தான் முடித்தேன். "பால் கணக்கோ கோலமோ, எதையாவது எழுது. நான் செஞ்ச பேனா ஓடுறத ஒருதடவை பாத்துட்டு மெஷினை வித்துடுறேன்" என்றேன். சரிங்க என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலை என் தலையணைக்கு அடியில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் அந்தப் பேனா, மஞ்சள் துணியில் சுற்றி. வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். அவள் காபியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"உங்க இருமல் நிக்கட்டும்னுதாங்க வெச்சேன்."

என் நெஞ்சைக் கெடுத்த மரத்தையே தலைமாட்டில் வைத்துப் படுக்கிறேன், அவள் மனசு நோகக்கூடாதே என்று. இருமலும் நிற்கவில்லை, பேனாவும் இன்னும் மையைப் பார்க்கவில்லை.