ஆம்பளைக்கு ஆபரேஷன்

நான் நெய்கிற துணி ஆஸ்பத்திரிக்குப் போகும், நான் போகமாட்டேன். பல வருஷமாக இதுதான் ஏற்பாடு. ராஜபாளையத்தை ஒட்டி, பேண்டேஜ் துணி ஓட்டும் விசைத்தறிக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எந்த ஊரிலோ எவனோ காலை உடைத்துக்கொண்டால் அவனுக்குச் சுற்றுவது என் துணியாகக்கூட இருக்கலாம். ஆனால் மருந்து வாசனை மூக்கில் ஏறினால் போதும், என் கால்கள் தானாக வாசல் பக்கம் திரும்பிவிடும். அப்படிப்பட்ட என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில், கர்ப்பிணிப் பெண்களுக்கு நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்தது என் மனைவியின் இதயம்.

கவிதைக்காகச் சொல்லவில்லை. இதயத்தில் ஒரு வால்வு நிஜமாகவே சுருங்கியிருந்தது. இரண்டாவது மகள் வயிற்றில் இருந்தபோதுதான் தெரியவந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். பிள்ளைத்தாச்சி என்றால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மா மட்டும் ஒத்துக்கொள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். தாயும் பிள்ளையும் பிழைத்து வந்தது அந்த விரட்டலால்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே இவங்க கர்ப்பமாகக் கூடாது. மீறி ஆயிட்டாங்கன்னா, தாயையும் பிள்ளையையும் காப்பாத்துவேன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது."

சரி, ஆகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ய, இருக்கிற இதயத்தை வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுக்கத் தயங்கினார்கள். மாத்திரை அவளுக்கு ஆகாது என்றார்கள். காப்பர் டி வைத்துப் பார்த்ததில் ரத்தம் கொட்டோ கொட்டென்று கொட்டி, ஏற்கெனவே சோகை பிடித்தவள் இன்னும் வெளுத்துப்போனாள். அதையும் எடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது ஆணுறை. அது கிழியாது என்று யார் உத்தரவாதம் தருவது? மாதாமாதம் அவளுக்குத் தேதி இரண்டு நாள் தள்ளிப்போனாலும் வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. தறியில் நிற்பேன், நூல் அறுந்து ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. முதலாளி கத்துவார். நான் திருப்பிக் கத்துவேன்.

ஒருமுறை பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா, "நீங்க பண்ணிக்கிடலாமே" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

பஸ்ஸில் வரும்போது மனைவி பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க. ஆம்பளைக்கு எதுக்கு ஆபரேஷன்? தறியில கனங்கனமா பாவு பீம் தூக்குத ஒடம்பு. நானே கையெழுத்துப் போட்டு எனக்கே பண்ணச் சொல்லுதேன். ஆவுறது ஆவட்டும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஆவுறது ஆவட்டுமா? ஆயிப்போச்சுன்னா ரெண்டு பிள்ளைகளுக்கும் எவ சடை பின்னுவா? நானா பின்னுவேன்?" என்று போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சடை பின்னுவதை நினைத்துப் பார்த்திருப்பாள். அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

குறித்த நாளில் போனோம். பெஞ்சில் அத்தனை பேரும் பெண்கள். நான் தூணோடு தூணாக ஒட்டி நின்றேன். நர்ஸ் வெளியே வந்து, "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் யாரு, உள்ள வாங்க" என்றார். எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் என்னைக் கை காட்டினாள். நிறைமாதக்காரி ஒருத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அண்ணே, செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க" என்று இடம் கொடுத்தாள். அடப்பாவி, என் முகம் அவ்வளவு மோசமாகவா இருந்தது!

உள்ளே பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. மரத்துப்போக ஓர் ஊசி, பிறகு சின்னதாக ஓர் இழுப்பு, அவ்வளவுதான். தையல்கூடக் கிடையாது. நான் பயத்தை மறைக்க, வைத்துக் கட்டிய துணியைத் தொட்டுப் பார்த்து, "ஊடை நூல் நெருக்கம் பத்தாது டாக்டர், இது எங்க கூடத்துச் சரக்கு இல்லை" என்றேன். "பேசாமப் படுங்க" என்றார். ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது. அதைவிட முக்கியம், உடனே பலன் இல்லை, மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வரும்வரை பழைய பாதுகாப்பை விடக் கூடாது. நர்ஸ் இதை என்னிடம் சொல்லி, நம்பிக்கை வராமல் என் மனைவியிடமும் சொன்னார்.

கூடத்தில், "கீழ ஒரு சின்ன ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லி லீவு கேட்டிருந்தேன். நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்கள் நாங்கள், சூட்டு உடம்பு. கீழே ஆபரேஷன் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான், மூலம். அடுத்த நாள் காலையிலேயே பக்கத்துத் தறிக்காரர் ஒரு கட்டுத் துத்திக்கீரையோடு வந்துவிட்டார். "இத மொதல்லயே சொல்லிருந்தா கத்தி வைக்க விட்டுருப்பனாலே? நம்ம கூடத்துல பாதிப் பேருக்கு இருக்கு, வெக்கம் என்ன?" என்று கோபித்துக்கொண்டார். பின்னாலேயே ஒருவர் கருணைக்கிழங்கு. இன்னொருவர் மோர். அம்மாவும் நம்பிவிட்டாள். சின்ன வெங்காயம் போட்டுத் துத்திக்கீரையை வேளை தவறாமல் வதக்கிப் போட்டாள். மனைவி அடுப்படியில் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரிப்பாள். இல்லாத நோய்க்கு மருந்து தின்றே நாக்குச் செத்துப்போனது எனக்கு.

ஆனால் அம்மாவுக்கு உள்ளே ஓர் ஆசை ஊறிக்கொண்டிருந்தது. இரண்டும் பொம்பளைப் பிள்ளைகள். நான் எழுந்து வேலைக்குப் போக ஆரம்பித்த மாதம், மஞ்சள் துணியில் தொட்டில் ஒன்று தைத்து எடுத்து வந்தாள். செண்பகத்தோப்புப் போகிற வழியில் அம்மன் கோயில் மரத்தில் தொட்டில் கட்டினால் ஆண் வாரிசு தங்கும் என்று நம்புகிறவள். "வெள்ளிக்கெழமை நீ வந்து ஒங்கையால கட்டணும்த்தா" என்று என் மனைவியின் கையில் கொடுத்தாள். என் மனைவி தொட்டிலை வாங்கி அதன் ஓரத்தையே நீவிக்கொண்டிருந்தாள். வால்வு சங்கதியை என் அம்மாவிடம் சொல்ல அவள் விடவே இல்லை. நோயாளி மருமகள் என்ற பேர் வந்துவிடுமாம். மாமியார் கேட்ட ஒன்றைத் தரமுடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "எம்மா, எனக்கு மூலமும் இல்ல, ஒண்ணும் இல்ல. குடும்பக் கட்டுப்பாடு பண்ணிட்டேன். இன்னொரு பிள்ள உண்டானா இவ செத்துருவா. டாக்டர் சொல்லிட்டாங்க. இவ நெஞ்சுல கோளாறு" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எம்புட்டு நாளா?" என்றாள். "சின்னவ வயித்துல இருந்ததுலருந்து" என்றேன். அதற்கப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள் ஒரு திட்டு! ஆபரேஷனுக்காக அல்ல. "ஏலே, கோட்டிக்காரப் பயலே, நெஞ்சுக் கோளாறுக்காரிய அம்புட்டுத் தண்ணியும் எடுக்க விட்டுட்டு நான் வாசல்ல உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருந்திருக்கனே! ஊருல பாக்குறவ என்னையத்தான காறித் துப்புவா!" மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் குழாயடியில் மனைவியின் இடுப்பிலிருந்த குடத்தை வெடுக்கென்று பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். இன்றுவரை திருப்பித் தரவில்லை. வாரிசு ஆசை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பெருமூச்சு விடுகிறாள். விட்டுக்கொண்டே தண்ணீர் எடுக்கிறாள்.

மூன்று மாதம் முடிந்து பரிசோதனைக்குப் போனோம். கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து அனுப்பிய கூத்தை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன். முடிவுக்காகக் காத்திருந்தபோது மனைவி என் சட்டை நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்ல. இனி பயப்படாம இருங்க" என்றார். ஒன்றுமே இல்லை என்று கேட்டு ஒரு மனிதன் இத்தனை சந்தோஷப்படுவான் என்று நான் நினைத்ததில்லை. வால்வைச் சரிசெய்யும் வேலை இன்னும் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் பாக்கி இருந்தது. அதற்கு இனி அவசரப்படாமல் உடம்பைத் தேற்றலாம் என்றார்.

சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து வந்த காலேஜ் பஸ் ஒன்று எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. ஜன்னலோரம் பெண் பிள்ளைகள் கத்திச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, நம்ம பெரியவள ஹாஸ்டல்லலாம் விட வேண்டாம். இந்த மாதிரி பஸ்ல போயிட்டு வரட்டும். நான் வெள்ளன எந்திரிச்சு சோறு கட்டிக் குடுத்துருவேன்."

பெரியவள் அப்போது இரண்டாம் வகுப்பு. இதயத்தைப் பற்றித் தெரிந்ததிலிருந்து இவள் அடுத்த தீபாவளியைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கட்டிக் குடு, ஏட்டி" என்றேன்.