ஆறு கிலோவாட் சூடு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், யார் கட்டாயப்படுத்தினார்கள்? ஆனால் இது நடந்தது. டென்சில் இன்றும் மர்பி டவுனில்தான் இருக்கிறார். அவர் வீட்டில் ரேடியோ கிடையாது.

2003, ஏப்ரல். பெங்களூரில் ஓர் எஃப்.எம். நிலையம். அதன் டிரான்ஸ்மிட்டர் அறையில் டென்சிலும் மதலைமுத்துவும் ஷிப்ட் மாற்றி வேலை பார்த்தார்கள். ஒரே தெரு, ஒரே சர்ச், நகமும் சதையுமாகப் பழகியவர்கள்.

அந்த மெஷின் பதினாறு கிலோவாட் கரண்டைத் தின்று, பத்தை வானத்துக்கு அனுப்பும். மீதி ஆறும் வெறும் சூடு. ஒரு பெரிய ஃபேன் அதைத் தகரக் குழாய் வழியே கூரைக்கு மேலே ஊதித் தள்ளும். காற்று குறைந்தால் ஒரு சுவிட்ச் மெஷினைத் தானாக நிறுத்திவிடும்.

மதலைமுத்து வேலைக்கு வந்ததும் புறங்கையை அந்தக் குழாயில் வைப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு கல்யாண மோதிரத்தால் இரண்டு தட்டு. டங்... டங். "நல்லாருக்கான்" என்பார்.

அந்த வாரம் ஃபில்டரில் தூசி அடைத்து மெஷின் அடிக்கடி நின்றது. நின்றால் மேனேஜர் வறுத்தெடுத்துவிடுவார். ஃபில்டரைக் கழுவச் சோம்பல்பட்டு, டென்சில் அந்த சுவிட்சின் குறுக்கே ஒரு சிவப்பு ஒயரைப் போட்டுவிட்டார். இனி எவ்வளவு சூடானாலும் மெஷின் நிற்காது. மதலைமுத்துவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி மனுஷன்.

வியாழக்கிழமை மதலைமுத்து மெஷின் கதவைத் திறந்த நேரம், உள்ளே காற்றுப் போதாமல் கொதித்திருந்த வால்வு, சிக்னலைப் பெருக்கும் அந்தப் பெரிய குழல், வெடித்தது. முகம், மார்பு, கை எல்லாம் வெந்துபோய், ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். கவனக்குறைவு அவருடையதுதான் என்று ஆபீஸே பேசியது. டென்சில் வாயைத் திறக்கவில்லை. புது வால்வு போடும்போது மேனேஜர் கூடவே நின்றதால் ஒயரை எடுக்கவும் முடியவில்லை. திங்கட்கிழமை விசாரணை.

ஞாயிறு மதியம். அறையில் டென்சில் மட்டும். பக்கத்து அறையில் மேனேஜர். அவர் வீட்டுக்குப் போனதும் மெஷினை நிறுத்தி ஒயரை எடுத்துவிடலாம் என்று டென்சில் காத்திருந்தார்.

மணி 2.40. பட்டென்று ஒரு சத்தம். ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது.

காற்று நின்றது. மெஷின் நிற்கவில்லை.

விரல் மெஷினை நிறுத்தும் பட்டனுக்குப் போனது... தயங்கியது. பாட்டு நின்றால் மேனேஜர் அடுத்த நொடி வந்து நிற்பார். ஒயரைப் பார்த்துவிடுவார்.

மீட்டரைப் பார்த்தார். உள்ளே பதினாறு. வெளியே பத்து. ஆறு எங்கே?

புறங்கையைக் குழாயில் வைத்தார்.

ஜில்லென்று இருந்தது. மண்பானையைத் தொட்டதுபோல.

'அப்பாடா' என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கக்கேடு! ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

நேரம் போனது. குழாய் வியர்த்தது. அந்த ஈரத்தில் ஒரு புறங்கையின் தடம்... அவர் கை வைத்த இடம் அதுவல்ல.

டங்... டங்.

"முத்து?"

பாட்டு மட்டும் ஓடியது.

"வேணாம்டா... முத்து..."

டங்... டங்.

பாய்ந்து பட்டனை அழுத்தினார்.

மணி 3.05.

மேனேஜர் வந்து கத்தினார். எதுவும் காதில் விழவில்லை. சற்று நேரத்தில் போன் அடித்தது. மதலைமுத்துவின் மனைவி அல்போன்சா.

"அண்ணா... அவரு போயிட்டாரு."

டென்சில் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ரெண்டே முக்கால் இருக்கும்ணா, திடீர்னு ஒடம்பு அனலா கொதிச்சுது. ஐஸ் வெச்சா வெச்ச எடத்துலயே உருகுது. நர்சம்மாவே பயந்துட்டாங்க."

"ஏதாச்சும்... சொன்னானா?"

"மூணு நாளா கண்ணே தெறக்காத மனுஷன். 'டென்சில் தனியா இருக்கான், நான் புடிச்சுக்கறேன்'னாரு. எதண்ணா புடிச்சுக்கறாரு?"

மறுநாள் டென்சில் சிவப்பு ஒயரை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். வேலை போனது. அது கிடக்கட்டும்.

அடக்கத்தன்று அல்போன்சா இன்னொன்றும் சொன்னாள். மூன்று மணிக்கே உயிர் போய்விட்டதாம். ஆனால் உடம்பின் கொதி மட்டும் அடங்கவில்லை. மூன்று ஐந்துக்குத்தான் சட்டென்று ஜில்லிட்டதாம்.

அத்தனை நேரமும் அந்தப் பட்டன் டென்சிலின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.