சொட்டு செய்த பந்து மெஷின்

பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. தெருவில் அவன் 'சொட்டு'. தொழில் பிளம்பர். எந்தக் குழாயை மாட்டினாலும் கையைத் துடைத்துக்கொண்டே, "இனி ஒரு சொட்டு வராது, கேரண்டி" என்பான். அவன் படி இறங்குவதற்குள் ஒரு சொட்டு வந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக இதே கதைதான். போனில் கூப்பிடுகிறவர்கள்கூட, "சொட்டா பேசுறது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவனும் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "சொட்டுதான், சொல்லுங்க" என்பான்.

மனைவி அப்படியே நேர் எதிர். துணி கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. சட்டையில் ஒரு நூல் பிசிறு தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். கட்டிக்கொண்டவனை மட்டும் எப்படித் திருப்பி அனுப்பாமல் விட்டாள் என்பது அவனுக்கே இன்றுவரை விளங்கவில்லை. நாற்பது வயதில் கம்பெனிப் பெண்கள் கிரிக்கெட் டீமில் சேர்ந்தாள். சமையல், துணி துவைப்பு, ஷிப்ட் என்று ஓடிய வாழ்க்கையில் அவள் தனக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான்.

போன மாதம் நடந்த மேட்சில் இரண்டு கேட்சைக் கோட்டை விட்டாள். டீம் கேப்டன் கட்டிங் பிரிவு அக்கா. நல்ல மனுஷிதான், ஆனால் வாய்க்கும் மனசுக்கும் நடுவே வால்வு கிடையாது. "அடுத்த மேட்ச்லயும் விட்டீன்னா நீ ஸ்கோர் எழுதப் போயிடும்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்தவள் நேராகச் சமையலறைக்குள் போனாள். குழாய் சும்மா ஓடும் சத்தம் கேட்டது. எந்த அறையில் இருந்தாலும் அந்தச் சத்தம் அவன் காதுக்குத் தப்பாது. போய்ப் பார்த்தால், அழுவது வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறாள்.

மறுநாளே, அவளுக்குக் கேட்ச் பழக்க, வீடு இருந்த கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பந்து எறிய நின்றான். அவள் கிழக்கே நின்றாள், பந்து வடக்கே போனது. அடுத்த பந்து அவன் காலிலேயே விழுந்தது. மூன்றாவது, கீழ் வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த போர்வையில் போய்ச் சிக்கிக்கொண்டது.

"விடுங்க. அண்ணனை வரச் சொல்றேன்" என்றாள் அவள்.

அவளுடைய அண்ணன் டயர் பஞ்சர் கடைக்காரர். இளவட்ட வயதில் ஊர் டீமுக்கு பௌலிங் போட்டவர், அதை வாரத்துக்கு ஒரு முறையாவது ஞாபகப்படுத்துகிறவர். அவர் வந்து எறிவதை ஓரமாக நின்று பார்க்க இவனால் ஆகாது. "வேணாம். அடுத்த மேட்சுக்கு மூணு வாரம் இருக்குல்ல? எறியறதுக்கு நான் மெஷின் செஞ்சு தரேன்" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. வாயை எங்கே கொண்டுபோய் மூடுவது? அதற்கும் அவனிடம் மூடி இல்லை.

சொன்னபடி செய்தான். காற்றைப் பிடித்து வைக்க ஒரு பழைய இரும்புச் சிலிண்டர், அதிலிருந்து ஒரு அகலக் குழாய், நடுவில் ஒரு வால்வு, காற்றடிக்க சைக்கிள் பம்பு. குழாயில் டென்னிஸ் பந்தைப் போட்டு, இருபது தடவை பம்பை அடித்து, வால்வைத் திருப்பினால் பந்து மேலே எழும்பிப் போய் விழ வேண்டும். தொழில் வழக்கப்படி உள்ளே தண்ணீர் விட்டு இணைப்புகளைப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை.

வெள்ளோட்டம் அன்று அவள் தலைமுடியை இறுக்கக் கட்டிக்கொண்டு நின்றாள். கீழ் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஒரு பொட்டுக் காத்து வெளிய போகாது, கேரண்டி" என்று அறிவித்துவிட்டு வால்வைத் திருப்பினான். சோதித்த தண்ணீரை முழுசாக வடிக்க மறந்திருந்தான். துருத்தண்ணீர் பீய்ச்சியடித்து அவள் முகத்திலிருந்து முழங்கால்வரை நனைத்தது. பின்னாலேயே பந்து மெதுவாக எட்டிப் பார்த்து, இரண்டடி தள்ளி விழுந்தது.

"ஏங்க, இது பந்து போடுற மெஷினா, செடிக்குத் தண்ணி ஊத்துற மெஷினா?"

மெஷினைக் காயவைத்த பிறகு பந்து பறந்தது. ஆனால் எங்கே? ஒரு தடவை மூன்றாவது மாடி உயரம், அடுத்த தடவை அவள் முழங்கால் உயரம்கூட இல்லை. சில சமயம் வால்வைத் திருப்பினால் ஒன்றுமே வராது. அலுத்துப்போய் அவள் குனியும்போது வரும். எங்கோ காற்று போகிறது என்று தெரிந்தது. இவன் ஒவ்வொரு இணைப்பாக விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். எங்கும் ஈரம் இல்லை. ஈரம் இல்லையென்றால் ஒழுக்கும் இல்லை. இருபத்திரண்டு வருட அனுபவம் அப்படித்தான் சொன்னது. அது பந்தின் தப்பு, பம்பின் தப்பு, காற்றின் தப்பு என்று பத்து நாள் ஓட்டினான். அவள் முன்னால் ஓடினாள், பின்னால் ஓடினாள், விழுந்தாள், முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

"உங்க மெஷினும் உங்களை மாதிரியே! வரேன்னு சொன்ன நேரத்துக்கு வராது, வராதுன்னு நெனச்சா வந்து நிக்கும்" என்று கத்தினாள். கீழ் வீட்டுக்காரர் கைதட்டினார். அவர் வீட்டுக் குளியலறை வேலை இரண்டு மாதமாக இவனிடம் கிடந்தது.

மேட்சுக்கு மூன்று நாள் இருக்கும்போது வேறு வழியில்லாமல், சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு பஞ்சர் கடைக்குப் போனான்.

"மச்சான், காத்து எங்க போகுதுன்னே தெரியல. ஒரு சொட்டுகூடக் காணோம்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை, காத்து எப்பய்யா சொட்டும்?" என்று கேட்டுவிட்டு, சோப்பு நுரையை அள்ளி இணைப்புகளில் தடவினார். வால்வை ஒட்டிய இணைப்பில் குமிழ்கள் பொங்கி வந்தன. மூன்று சுற்று டேப்பு போட்டு, முத்தம் கொடுக்காத குறையாக இவன் இறுக்கிய இணைப்பு அதுதான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

சரிசெய்துகொண்டு வந்தான். அன்று பத்துப் பந்து, பத்தும் ஒரே உயரம், ஒரே இடம். அவள் கால் நகராமல் பத்தையும் பிடித்தாள். இவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இது எதுக்குங்க? மேட்ச்ல எவ என் கையைப் பார்த்து அடிக்கப் போறா? பழையபடி ஒழுக விடுங்க."

"ஏன்டி, கஷ்டப்பட்டு அடைச்சிருக்கேன்!"

"பரவாயில்ல, கழட்டுங்க."

ஸ்பேனரை எடுத்தான். ஒழுகாததை ஒழுகவைக்கும்படி ஒருவர் அவனிடம் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அரைச் சுற்று தளர்த்தினான். அந்த வேலை மட்டும் முதல் முயற்சியிலேயே சரியாக வந்தது.

மேட்சில் கடைசி ஓவர். எதிர் டீமுக்கு நான்கு ரன் வேண்டும், ஒரே விக்கெட் பாக்கி. அடித்த பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, நெட்டுக்குத்தாக எழும்பி, காற்றில் திரும்பியது. கீழே அவள் ஒருத்திதான். மைதான ஓரத்துக் கைப்பிடிக் கம்பியை இவன் பிடித்த பிடியில் கம்பி வளையாதது ஆச்சரியம். அவள் இரண்டடி பின்னால் போனாள். பந்தை நம்பவில்லை. நின்றாள், சட்டென்று முன்னால் பாய்ந்தாள், வயிறு தரையில் தேயக் கையை நீட்டினாள். பந்து உள்ளங்கையில் இருந்தது.

பக்கத்தில் நின்ற மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் எறிஞ்சிருந்தா ஒழுங்கா எறிஞ்சிருப்பேன் மாப்பிள்ளை. நேரா வர்ற பந்துக்கே பழகி புள்ள கெட்டுப்போயிருக்கும்" என்றார். இவன் கண்ணிலிருந்தும் ஒரு சொட்டு விழுந்தது. அந்த ஒழுக்கையும் அவனால் அடைக்க முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கட்டிங் பிரிவு அக்கா அவனைத் தேடிக்கொண்டு வந்தாள். "இவ சொன்ன அந்த மெஷின் எங்க டீமுக்கே ஒண்ணு வேணும் தம்பி. செஞ்சு தருவீங்களா?"

"தரேன்க்கா. ஆனா அது ஒழுகும்."

பக்கத்தில், முழங்கையில் மண்ணோடு நின்ற மனைவி கேட்டாள்: "கேரண்டியா?"

"கேரண்டி" என்றான் சொட்டு.