எங்கிருந்து, எங்கே

பேச்சுச் சிகிச்சை மையத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் அக்காவுக்கு ‘எங்கிருந்து-எங்கே’ என்று பட்டப்பெயர். ஒரு கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொன்றுக்கு அனுப்ப அவள் மவுஸைத் தொடமாட்டாள். கருப்புத் திரையில் ஒற்றை வரி தட்டுவாள். அந்த வரியில் எங்கிருந்து என்பது முதலில் வரவேண்டும், எங்கே என்பது அடுத்து. மாற்றிப் போட்டால் கதை கந்தல். அதனால் என்டரை அமுக்குமுன் திரையில் விரல் வைத்து, “எங்கிருந்து… எங்கே…” என்று முணுமுணுப்பாள். இவள் பஸ் ஸ்டாண்டு விசாரணைக் கவுண்டரில் இருக்கவேண்டியவள் என்று பக்கத்து மேஜைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டும் என்று பதினோரு வருடம் விடாமல் முணுமுணுத்தாள். ஒரே ஒரு நாள் விட்டாள்.

அந்த மையத்துக்கு வருகிறவர்கள் தொண்டை ஆபரேஷனில் குரலை இழக்கப்போகிறவர்கள். அதற்கு முன்னால் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து முந்நூறு வாக்கியங்கள் படிக்கவேண்டும். அதை வைத்துத்தான், பின்னால் அவர்கள் போனில் எதைத் தட்டினாலும் அவர்களுடைய சொந்தக் குரலிலேயே போன் பேசும்படி செய்து கொடுப்பார்கள். பதிவு செய்கிறவர் அங்கே இருபது வருடமாக இருக்கும் அண்ணன். பதிவு முடிந்ததும் சேமித்து, நோட்டிலும் ஒரு டிக் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அன்று காலை ஒரு பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் வந்து படித்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். மதியம் அக்கா, குரல்களை எல்லாம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து வேறொரு கட்டடத்தில் வைத்திருந்த புதியதற்கு நகலெடுக்க உட்கார்ந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். அம்மாவைக் கண் டாக்டரிடம் யார் கூட்டிப்போவது என்று தங்கையோடு சண்டை. போன தடவையும் நான்தானே போனேன் என்று கத்திக்கொண்டே வரியைத் தட்டினாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கவேண்டும், அந்தப் பக்கம் அதிகமாக எது இருந்தாலும் அழித்துவிடு என்ற உத்தரவும் அந்த வரியிலேயே இருந்தது. என்டரை அமுக்கினாள்.

எங்கிருந்து என்ற இடத்தில் புதியது இருந்தது. அதுவோ காலி. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், சொன்னதைச் செய்தது. பழையதையும் துடைத்துக் காலியாக்கி, காலிக்கும் காலிக்கும் சரியாகிவிட்டது என்று நின்றது.

அவள் போனை வைத்தாள். முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்த பேக்கப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிட்டாள். ஒன்றைத் தவிர. வாத்தியாரின் குரல் ஞாயிற்றுக்கிழமை அங்கே இல்லையே.

இதுவரை நடந்தது கைத்தவறு. யாருக்கும் வரும். இதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் பெயர் வேறு. வாத்தியார் அப்போது மையம் இருந்த அதே ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், மூன்றாவது மாடி வார்டில் இருந்தார், குரலோடு. நர்ஸ்களை வரிசையில் நிற்கச் சொல்லி அவர் அதட்டி விளையாடுவது படிக்கட்டு வரை கேட்டது. ஐயா, தப்பு நடந்துபோச்சு, இன்னொரு தடவை படிங்க என்று யாராவது சொல்லியிருந்தால் லிஃப்டில் இறங்கி வந்திருப்பார். அக்கா சொல்லவில்லை. அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் இருக்கிறது, இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று ஆறு மணி வரை உட்கார்ந்தாள். தலை போகிற காரியத்தில் மானம் பார்த்தாள். மீட்க முடியவில்லை. தட்டிய வரிகளைக் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் இடத்துக்குப் போய் அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் வாத்தியாரின் பதிவைக் கேட்டார். மெஷினில் இல்லை என்றாள் அக்கா. பொய்யில்லை பாருங்கள். எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். நோட்டில் டிக் இருந்தது. அவர் அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, டிக் போட்டுவிட்டுச் சேமிக்க மறந்திருப்பேன், வயதாகிவிட்டது என்று தானாகவே பழியை எடுத்துக்கொண்டார். வாத்தியார் வீட்டுக்கும் அவரே போய்க் கைகூப்பிவிட்டு வந்தார்.

அதிலிருந்து அவர் எல்லோரையும் இரண்டு தடவை படிக்க வைத்தார். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பதிவறைக்கு வெளியே ஒயரை மாற்றிக்கொண்டிருந்த அக்காவுக்கு உள்ளே பேசுவது கேட்டது. ஒரு பெண், தொண்டை வலிக்கிறது ஐயா, போதுமே என்கிறாள். இவர் கெஞ்சுகிறார்.

“இன்னொரு தடவைம்மா. என்னை நம்ப முடியாது. நான் மறந்துடுவேன்.”

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண் போகும்வரை காத்திருந்து உள்ளே போனாள்.

“அண்ணே, நீங்க மறக்கல. வாத்தியார் குரலை நான்தான் அழிச்சேன். அன்னிக்கே தெரியும்.”

அவர் ஹெட்போனைக் கழற்றினார். திட்டுவார் என்று நின்றாள்.

“அப்போ நான் சேமிச்சேனா?”

“சேமிச்சீங்க.”

“நல்லாத் தெரியுமா?”

“தெரியும்ணே. அழியறதுக்கு முன்னாடி அது லிஸ்ட்ல இருந்ததை என் கண்ணால பார்த்தேன்.”

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். மூன்று மாதமாக வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பித் திரும்பிப் போய்ப் பார்க்கிறாராம். கேஸை அணைத்தோமா என்று மனைவியைத் தினமும் எழுப்பிக் கேட்கிறாராம். பிறகு குரல் இறுகியது.

“என்கிட்ட சொல்லிட்ட, சரி. அவர்கிட்ட போய்ச் சொல்லு.”

அன்று மாலையே போனாள். வாத்தியார் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தாள். அக்கா குடிக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், சொல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த மாலையையும் சேர்த்து.

அவர் கண்கள் சிவந்தன. போனை எடுத்துத் தட்டத் தொடங்கினார். அவசரத்தில் எழுத்துகள் தப்புத் தப்பாக விழ, அழித்து அழித்துத் தட்டினார். பிறகு போன் பேசியது. வங்கியில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுமே, அந்த இனிமையான குரல்.

“அன்று மாலை நான் மாடியில்தான் இருந்தேன். ஏன் வந்து சொல்லவில்லை? உங்கள் மேல் எனக்குப் பயங்கரமான கோபம்.”

அவருக்குப் போதவில்லை. சத்தத்தை உச்சிக்கு ஏற்றிவிட்டு மறுபடி அமுக்கினார். அதே இனிமையோடு, தெருவுக்கே கேட்கும்படி, அது இன்னொரு தடவை சொன்னது. மூன்று மைதானம் தாண்டிக் கேட்கும் அதட்டல் அவருடையது என்று அவர் மனைவி சொன்னாள். அக்கா தலையைக் குனிந்து, அவர் அமுக்கிய ஒவ்வொரு தடவையும் முழுதாகக் கேட்டாள்.