சத்தம் போடாத ஏர்கோன்

என் வீட்டுக்காரருக்குப் பகல்தான் இரவு. கெலாங் பாத்தாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போகிறவர். காலையில் வந்து பசியாறிவிட்டுப் படுத்தால் மாலை வரை தூங்கவேண்டும். எங்கள் மாடி அறையோ பகலில் அடுப்பு. போன வருடம் ஒரு நாள் சிக்னலில் நின்றபடியே கண்ணயர்ந்து, மோட்டாரோடு சாய்ந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் அன்றிலிருந்து, அவர் போய்ச் சேர்ந்து செய்தி அனுப்பும்வரை எனக்குச் சோறு இறங்காது.

பழைய ஏர்கோன் ஒன்று இருந்தது. லாரி மாதிரி உறுமும். அதையும் முழுசாக ஓடவிடமாட்டார். ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில், நேரம் பார்த்து விடுகிற ஜெனரேட்டர் கரண்டில் வளர்ந்தவர். ஓடுகிற எதையும் அடைத்து நிறுத்தாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். அறை குளிர்ந்ததும் தானாக நின்றுவிடுகிற மாதிரி டைமர் வைப்பார். கொஞ்ச நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து எழுந்து மறுபடி போடுவார். இதற்குப் பெயர் தூக்கமாம்.

ஐந்து நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிய சாமான்களுக்கு அரசாங்கம் விலையில் கழிவு தருகிறது என்று தெரிந்ததும், நானே போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். மாட்ட வந்தவர் சொன்னார்: "அக்கா, ரூம் சூடா இருக்கறப்பதான் இது கரண்ட இழுக்கும். குளிர்ந்திட்டா மெதுவா ஓடும். அடச்சி அடச்சிப் போட்டீங்கன்னா திரும்ப முதல்லருந்து இழுக்கும் லா. அப்படியே விட்டுருங்க."

வீட்டுக்காரர் அதன் அடியில் நின்று காதைக் கொடுத்தார்.

"சத்தமே காணோமே. கவர்மெண்ட்டு வெல கொறச்சிக் குடுக்கறப்பவே நெனச்சேன்."

"கைய நீட்டிப் பாருங்க."

நீட்டினார். "குளிருதுதான்" என்றார், சந்தேகம் போகாமல். படுக்கும்போது பழையபடி டைமர் வைத்தார். வேர்த்து எழுந்து வந்து, "பாத்தியா, இதுவும் அப்படித்தான்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் அவர் கண்ணயர்ந்ததும் டைமரை எடுத்துவிட்டு, ரிமோட்டைக் கீழே கொண்டுபோய் அரிசி வாளிக்குள் போட்டு மூடினேன்.

மதியம் மாடியேறிக் கதவைத் திறந்தேன். ஒரு சத்தமும் இல்லை. கெட்டுத்தான் போய்விட்டதோ என்று பதறிக்கொண்டு உள்ளே காலை வைத்தால், குளிர். அப்போதுதான் அவருடைய மூச்சு கேட்டது. மெதுவாக, சீராக. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. முதலில் காற்றாடிச் சத்தம், அப்புறம் அந்த உறுமல். உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். புத்ராஜெயா அரசாங்க ஆபீஸில் யாரோ, எங்களை யாரென்றே தெரியாதவர்கள், எது குறைவாகக் கரண்ட் குடிக்கும் என்று பார்த்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். அது செம்பனைக் காடெல்லாம் தாண்டி வந்து, என் புருஷனின் மூச்சை எனக்குக் கேட்க வைத்திருக்கிறது. நினைக்க நினைக்க ஆச்சரியம் அடங்கவில்லை.

மாலையில் அவர் தானாகவே எழுந்து வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. வாசலை எட்டிப் பார்த்தார்.

"மழ பேஞ்சிச்சா?"

"இல்லையே. நல்ல வெயிலு."

"அப்ப ரிமோட் எங்க?"

"அத ஏன் கேக்கறீங்க, போய்க் குளிங்க."

அன்று அவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். போய்ச் சேர்ந்துவிட்டதாக அவர் அனுப்பிய செய்தி வந்தபோதுதான் கவனித்தேன், தட்டு காலியாகி இருந்தது.